நெல்லின் இலைக்கருகல் நோயும் கிருமிப் புரதம் தன் இடத்தைத் தேடிக் காணும் விதமும்

நெற்பயிரைப் பீடிக்கும் நோய்களுள் பாக்டீரியா இலைக்கருகல் நோய் முதன்மையான சிலவற்றுள் ஒன்றாகும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் ஏரிப் பாசனத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் கொண்டு நெல் சாகுபடி செய்வோர், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்நோயைக் கண்டிருத்தல் கூடும். ஒரே வாய்க்காலின் நீரைப் பெற்று, ஒரே நாளில் நடப்பட்ட இரண்டு வயல்களுள் ஒன்று கருகிப்போக, மற்றொன்று பசுமை குன்றாது நிற்பதும் உண்டு. அங்ஙனம் நிகழுமிடத்து, விதையின் ரகம் வேறுபட்டதே பெரும்பாலும் காரணமாகும்.

அவ்வேறுபாடு எத்தன்மையது என்று ஆராய்ந்த அறிஞர்கள் கண்டது பின்வருமாறு. நோய்க்கிருமி அனுப்பும் ஒரு புரதம் நெல்லின் உயிரணுவுக்குள் சென்று, ஆங்கே ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தேடிக் கண்டு அதன்மீது அமருமாயின் பயிர் நோயுறுகின்றது. அவ்விடத்தின் அடையாளம் மாறியிருப்பின் அப்புரதம் அமர இடமின்றிப் போகப் பயிர் தப்புகின்றது. அத்தேடுதல் நிகழும் விதமும், விதைத் தேர்வில் அதனால் விளையும் பயனும் இங்கு விளக்கப்படுகின்றன.

நோயின் குறிகள்

நட்ட ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் நோய் தாக்குமாயின் இளநாற்றுக்கள் முழுவதும் வாடி மடியும். இதனைத் தண்டுத் துளைப்பானால் உண்டாகும் குருத்துச்சாவு என்று தவறாக எண்ணுதல் உண்டு. வாடிய தூரின் அடியை நறுக்கி விரல்களால் பிதுக்கினால் மஞ்சள் கலந்த கோழை கசியுமாயின் அது பாக்டீரியாவின் வேலை என்று அறிக.

வளர்ந்த பயிரில் இலையின் நுனியிலிருந்தோ ஓரத்திலிருந்தோ நீர் ஊறினாற் போன்ற கோடுகள் முதலில் தோன்றும். பின்னர் அவை அலை போன்ற விளிம்புடன் கீழ்நோக்கிப் பரவி, மஞ்சளாகி, முடிவில் வைக்கோல் நிறத்தை அடையும். அதிகாலையில் இளம் புண்களின்மீது பால் போன்ற சிறு துளிகள் காணப்படுவதும் உண்டு. ஐயமிருப்பின், நோயுற்ற இலையின் ஒரு துண்டை நறுக்கித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்திவைக்க, சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பாலைப் போன்ற கலங்கல் இழை இழையாக நீரில் இறங்கும். அக்கலங்கல் கோடிக்கணக்கான கிருமிகளின் திரளே ஆகும்.

நோய்க்கிருமி

இந்நோய் 1884-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்து ஃபுகுவோகா பகுதியில் முதன்முதல் கண்டறியப்பட்டது. இந்தியாவில் 1963-இல் பீகார் மாநிலத்து ஷாஹாபாத் ஜில்லாவில் பெருவாரியாகப் பரவி மிகுந்த சேதம் விளைத்தது. இதற்குக் காரணமான பாக்டீரியாவிற்கு ஸாந்தோமோனாஸ் ஒரைஸே என்று பெயர். இலை ஓரத்திலுள்ள நீர்த் துளைகளின் வழியாகவும், காற்றாலும் மழையாலும் மனிதர் கையாலும் உண்டான கீறல்களின் வழியாகவும் அது இலைக்குள் நுழைந்து, வேரிலிருந்து நீர் ஏறும் குழாய்களில் தங்கிப் பெருகுகின்றது.

அந்நீர்க் குழாய்களில் ஆகாரம் அதிகமில்லை. பயிரின் சர்க்கரை உயிரணுக்களின் உள்ளே இருக்கின்றது. அதனை வெளியே வருவித்துக்கொள்ளுதற்குக் கிருமி ஓர் உபாயத்தைக் கையாளுகின்றது. ஊசி போன்ற ஒரு நுண்ணிய குழாயினால் தன் புரதங்களை நெல்லின் உயிரணுவுக்குள் செலுத்துகின்றது. அப்புரதங்களுள் டேல் புரதம் என்னும் வகையைச் சேர்ந்தவை உயிரணுவின் நடுவிலுள்ள உட்கருவை அடைந்து, நெல்லின் டி.என்.ஏ. இழையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அமர்ந்து, அதையடுத்துள்ள மரபணுவைத் தூண்டிவிடுகின்றன. அம்மரபணு உயிரணுவிலிருந்து சர்க்கரையை வெளியேற்றும் மடை போன்ற ஒரு புரதத்தைச் செய்வதாகும். மடை திறந்தபின் சர்க்கரை கசிய, கிருமி உண்டு பெருகுகின்றது. சர்க்கரை மடைகளாகிய இவற்றின் தொழில் 2010-இல் தெளிவாயிற்று; இவற்றிற்கு ஸ்வீட் மரபணுக்கள் என்று பெயரிடப்பட்டது.

தேடவேண்டிய இடத்தின் பரப்பு

டி.என்.ஏ. என்பது அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு பொருள்கள் பலவாறு முறைமாறி அமைந்த நீண்ட இழையாகும். அந்நான்கையும் நான்கு எழுத்துக்களாகக் கொண்டால், இழை முழுவதும் ஒரு நீண்ட ஏடு எனலாம். நெல்லின் இழை 12 குரோமோசோம்களாகப் பிரிந்துள்ளது. அதன் எழுத்துக்களை வரிசையாகப் படித்தறியும் பணி பல தேசத்தாரின் கூட்டு முயற்சியால் நிறைவுற்று 2005-இல் வெளியிடப்பட்டது. பதினொன்றாவது குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்தளித்தவர் இந்திய விஞ்ஞானிகள் ஆவர். நெல்லின் எழுத்துக்களின் மொத்தத் தொகை ஏறத்தாழ 39 கோடி. இவ்வளவில் கிருமியின் புரதம் தேடுவது இருபத்துச் சொச்சம் எழுத்துக்கள் கொண்ட ஒரேயொரு தொடரையே ஆகும்.

அத்தொடரின் நீளம் வீணன்று. நான்கு எழுத்துக்களைக் கொண்டு 15 எழுத்து நீளமுள்ள தொடர்களை அமைத்தால் 107 கோடிக்கு மேற்பட்ட வகைகள் உண்டாகும். ஆகவே இருபதுக்கு மேற்பட்ட எழுத்துக்கள் கொண்ட ஒரு தொடர், நெல்லின் இழையில் தற்செயலாக மற்றோரிடத்தில் அப்படியே அமைதல் மிகவும் அரிது. முகவரி ஐயத்திற்கிடமின்றி இருக்கின்றது. அதனைக் கண்டடைவதுதான் கடினம்.

தேடும் விதம்

கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் புதிதாக வந்த நில அளவர் ஒருவர், புலப்படமும் வழிகாட்டியும் இன்றி, ஒரு குறிப்பிட்ட எண் தீட்டிய எல்லைக்கல்லைக் காணவேண்டியிருக்கின்றது என்று வைத்துக்கொள்க. அவர் வயல்களுக்குக் குறுக்கே மனம் போனபடி நடந்து, அகப்பட்ட கல்லை மட்டும் பார்த்துச் செல்வாராயின் நாட்கள் பல கழியும். வரப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன்மீதுள்ள கற்களை வரிசையாகப் பார்த்துச் செல்வாராயின் வேலை விரைவுபடும். ஆனால் முன்பு பார்த்த கல் இன்னதென்னும் நினைவு அவருக்கு இல்லையாயின், அதே வரப்பில் முன்னும் பின்னுமாக நடந்து, பார்த்த கற்களையே மீண்டும் பார்த்துக்கொண்டிருப்பார். சிறிது தூரம் வரப்போடு நடந்து, பின் இறங்கி வேறொரு வரப்பில் ஏறி, அங்கும் சிறிது தூரம் நடப்பதே அத்தகையவர்க்கு ஏற்ற வழியாகும். இரண்டு வரப்புகள் நெருங்குமிடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவுதலும் துணைசெய்யும்.

டி.என்.ஏ.யைப் பற்றும் புரதங்கள் தேடுவதும் இவ்வாறேயாகும். புரதத்திற்குக் கண்ணும் கருத்தும் இல்லை. உயிரணுவின் நீரிலுள்ள அணுத்திரள்கள் இடைவிடாது மோதித் தள்ளுவதால் அது இங்குமங்கும் அலைகின்றது. டி.என்.ஏ. இழை எதிர்மின்னூட்டம் உடையது. புரதத்தின் ஒரு பக்கம் நேர்மின்னூட்டம் உடையது. ஆதலின் தற்செயலாக இழையை அணுகிய புரதம், அங்குள்ள எழுத்து எதுவாயினும், அதனோடு தளர்வாக ஒட்டிக்கொண்டு சிறிது தூரம் வழுக்கிச் செல்லுகின்றது. பின்பு கழன்று, வேறோரிடத்தில் ஒட்டுகின்றது.

இவ்வுண்மை முதலில் நெல்லில் காணப்பட்டதன்று. எஸ்செரிச்சியா கோலை என்னும் குடற் பாக்டீரியாவில், பாற்சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களை அடக்கிவைக்கும் புரதம் ஒன்று உண்டு. அது 1966-இல் அமெரிக்காவில் பிரித்தெடுக்கப்பட்டது. 1970-இல் ரிக்ஸ் என்பாரும் உடனுழைத்தோரும் அப்புரதம் தன் இடத்தை அடையும் வேகத்தை அளந்தபோது, நீரில் அலைந்து மோதுவதனால் மட்டும் எதிர்பார்க்கத்தக்க வேகத்தினும் பன்மடங்கு மேலாக அது இருக்கக் கண்டு வியப்புற்றனர். இதன் காரணத்தை 1981-இல் பெர்க், வின்டர், ஃபான் ஹிப்பல் ஆகிய மூவரும் கணக்கினால் விளக்கினர். இழையோடு வழுக்குதல், சிறிது எம்பி அருகில் விழுதல், இழை வளைந்து நெருங்குமிடத்தில் தாவுதல் என்னும் மூன்றும் சேர்ந்தே அவ்வேகத்தைத் தருகின்றன என்பது அவர்கள் துணிபு.

உயிருள்ள பாக்டீரியாவிலேயே ஒற்றைப் புரதத்தைப் பின்தொடர்ந்து காணுதல் 2007-இல் கைகூடியது. அப்புரதம் தன் காலத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தனக்குரியதல்லாத இடங்களில் ஒட்டி வழுக்குவதிலேயே கழிக்கின்றது என்பது வெளியாயிற்று. ஒருமுறை ஒட்டினால் ஏறத்தாழ 45 எழுத்துத் தூரம் வழுக்குகின்றது என்பதும், தனக்குரிய இடத்தின்மீதே வழுக்கிச் சென்றும் அங்கே அமராமல் பன்முறை தவறவிடுகின்றது என்பதும் 2012-இல் ஸ்வீடன் தேசத்து உப்சாலாவில் கண்டறியப்பட்டன.

தவறவிடுதல் ஏன் என்று கேட்கலாம். நில அளவர் ஒவ்வொரு கல்லின் முன்பும் உட்கார்ந்து மண்ணைத் துடைத்து எழுத்துக்கூட்டிப் படிப்பாராயின் ஊரைச் சுற்றி முடிப்பது எக்காலம்? விரைந்து நடந்தால் கல்லைத் தவறவிடுவார். புரதத்திற்கும் இதே இடர்ப்பாடு உண்டு. இழையை இறுகப் பற்றினால் நகர இயலாது. தளர்வாகப் பற்றினால் படிக்க இயலாது. ஆகவே இத்தகைய புரதங்கள் இரு நிலைகளை உடையனவாக இருக்கின்றன. ஒன்று தளர்ந்து விரைந்து செல்லும் நிலை. மற்றொன்று இறுகி நின்று படிக்கும் நிலை. நெற்கிருமியின் டேல் புரத வகைக்கும் இவ்விரு நிலைகள் உண்டென்பது அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2015-இல் நேரிற் காணப்பட்டது. அதன் தலைப்பகுதி எழுத்தைப் பாராது இழையைப் பற்றி நகரவும், நடுப்பகுதி எழுத்தைப் படிக்கவும் உதவுகின்றன.

படிக்கும் விதம்

டேல் புரதத்தின் நடுப்பகுதி மணிமாலை போல் ஒரே மாதிரியான கண்ணிகள் தொடர்ந்து அமைந்தது. ஒவ்வொரு கண்ணியிலும் பெரும்பாலும் 34 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் 12, 13 ஆகிய இரண்டு இடங்களில் மட்டுமே கண்ணிக்குக் கண்ணி பெரிதும் வேறுபாடு காணப்படுகின்றது. அவ்விரண்டு இடங்களே எழுத்தைப் படிப்பன. அவ்விடங்களில் ஹிஸ்டிடினும் ஆஸ்பார்ட்டிக் அமிலமும் இருந்தால் அக்கண்ணி சைட்டோசினையும், ஆஸ்பராஜினும் ஐசோலியூசினும் இருந்தால் அடினைனையும், ஆஸ்பராஜினும் கிளைசினும் இருந்தால் தைமினையும் நாடுகின்றது. ஒரு கண்ணிக்கு ஓர் எழுத்து என்னும் இம்முறையை 2009-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தாரும் அமெரிக்காவின் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தாரும் தனித்தனியே கண்டு ஒரே சமயத்தில் வெளியிட்டனர். புரதம் டி.என்.ஏ. இழையைச் சுற்றிக் கொடி போல் படர்ந்து அமர்கின்றது என்பது 2012-இல் அதன் வடிவத்தைக் கண்டபோது உறுதியாயிற்று.

கண்ணிகளும் எழுத்துக்களும் ஒத்துவந்தால் பிடி இறுகுகின்றது. சில எழுத்துக்கள் மாறினும் பிடி தளர்கின்றது. நடுவில் சில எழுத்துக்கள் புகுந்தாலோ நீங்கினாலோ வரிசையே குலைந்துபோகின்றது.

அடையாளம் மாறிய நெல்

நெல் ரகங்கள் சிலவற்றில் எக்ஸ்.ஏ. 13 என்னும் எதிர்ப்புத் தன்மை இயற்கையாக அமைந்திருத்தலைப் பயிர்ப் பெருக்க நிபுணர்கள் முன்னரே அறிந்திருந்தனர். அதன் காரணம் 2006-இல் விளங்கிற்று. அந்நெல்லில் ஸ்வீட் 11 என்னும் சர்க்கரை மடை மரபணு கெடாமல் இருக்கின்றது. அதன் முன்புறத்தில், கிருமிப் புரதம் அமரவேண்டிய இடத்து எழுத்துக்கள் மட்டும் மாறியுள்ளன. புரதம் உயிரணுவுக்குள் நுழைகின்றது, இழையில் ஒட்டுகின்றது, வழுக்கித் தேடுகின்றது, ஆயினும் அமர இடம் காணாது அலைகின்றது. மடை திறப்பதில்லை. கிருமிக்குச் சர்க்கரை கிடைப்பதில்லை. ஸ்வீட் 11 மரபணு பயிரின் மகரந்தத்திற்கு வேண்டப்படுவது. அதை அடியோடு அடக்கினால் பயிர் மலடாகும். எக்ஸ்.ஏ. 13 நெல்லிலோ மரபணு தன் தொழிலைச் செய்துகொண்டிருக்க, கிருமிக்குரிய அடையாளம் மட்டும் அழிந்திருக்கின்றது. இதுவே இதன் சிறப்பு.

எக்ஸ்.ஏ. 5 என்னும் மற்றோர் எதிர்ப்புத் தன்மை வேறு வகையானது. கிருமிப் புரதம் தன் இடத்தில் அமர்ந்தபின் மரபணுவைத் தூண்டுதற்கு நெல்லின் சொந்தப் புரதம் ஒன்றின் துணையை நாடுகின்றது. அத்துணைப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதே எக்ஸ்.ஏ. 5 ஆகும். இது 2004-இல் அறியப்பட்டது. எக்ஸ்.ஏ. 21 என்பது உயிரணுவின் வெளிப்புறத்தில் காவல் நின்று கிருமியின் வரவை அறிவிக்கும் புரதம். இது ஆப்பிரிக்காவின் மாலி தேசத்துக் காட்டு நெல்லிலிருந்து கிடைத்தது. அந்நெல்லின் எதிர்ப்பாற்றல் 1977-இல் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறியப்பட்டதாகும்.

மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி

ஆந்திர தேசத்துப் பாபட்லாவில் உருவாகி 1986-இல் வெளிவந்த பி.பி.டி. 5204 என்னும் சம்பா மசூரி, சன்ன அரிசிக்காகத் தமிழ்நாட்டிலும் விரும்பிப் பயிரிடப்படுவது. ஆயின் இலைக்கருகல் நோய்க்கு எளிதில் இலக்காவது. ஹைதராபாத்திலுள்ள நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் கூடி, மேற்கூறிய எக்ஸ்.ஏ. 21, எக்ஸ்.ஏ. 13, எக்ஸ்.ஏ. 5 ஆகிய மூன்றையும் அந்நெல்லில் ஒருங்கே சேர்த்து, மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்னும் ரகத்தை உண்டாக்கின. இது 2008-இல் வெளியிடப்பட்டது. ஒட்டுச் சேர்த்து மீண்டும் மீண்டும் சம்பா மசூரியோடு கூட்டிய நாற்றுக்களின் டி.என்.ஏ.யைச் சோதித்து, வேண்டிய எழுத்துக்கள் உள்ளவற்றை மட்டும் தெரிந்தெடுத்த முறையினால் அரிசியின் தரம் மாறாது காக்கப்பட்டது. நெல்லினத்திற்குப் புறம்பான மரபணு எதுவும் இதில் சேர்க்கப்படவில்லை.

மூன்றையும் ஒருங்கே சேர்த்ததற்குத் தக்க காரணம் உண்டு. கிருமியின் எல்லா இனங்களும் ஒரே டேல் புரதத்தை உடையனவல்ல. சில இனங்களின் புரதம் ஸ்வீட் 13 என்னும் மடையையும், வேறு சிலவற்றின் புரதம் ஸ்வீட் 14 என்னும் மடையையும் தேடிச் சென்று திறக்கின்றன. ஓர் அடையாளத்தை மட்டும் அழித்த நெல், வேறு அடையாளத்தைத் தேடும் இனத்தின்முன் தோற்றுவிடும். இக்காரணம்பற்றியே, மூன்று மடைகளின் முகவரிகளையும் ஒருசேர மாற்றிய நெல் வகைகள் பல தேசத்து ஆராய்ச்சியாளரால் ஆய்வுக்கூடங்களில் உருவாக்கப்பட்டு, 2019-இல் அவற்றின் விவரம் வெளியிடப்பட்டது. இதற்கு முன்பே, 2012-இல், கிருமியின் டேல் புரதத்தையே கருவியாகக் கொண்டு, வெட்டும் புரதம் ஒன்றை அதனோடு இணைத்து, ஸ்வீட் 14-இன் முகவரியை வெட்டி மாற்றியதும் உண்டு. திருடன் திறவுகோலைக் கொண்டே பூட்டை மாற்றியது போன்றது இச்செயல்.

குடியானவர்கள் கைக்கொள்ள வேண்டுவன

1. ஆண்டுதோறும் நோய் காணும் வயல்களுக்கு எதிர்ப்புத் தன்மையுள்ள ரகத்தைத் தேர்ந்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் பெயர் சொல்லி விசாரித்து, நீல நிற அட்டை கட்டிய சான்று விதையைப் பெறுதல் நலம். சம்பா மசூரி என்று மட்டும் கேட்டால் பழைய ரகம் கிடைத்தல் கூடும்.

2. எக்ஸ்.ஏ. 13, எக்ஸ்.ஏ. 5 ஆகியவை தாய் தந்தை இருவழியிலும் வந்தாலன்றிப் பயன் தாரா. ஆதலின் சொந்த விதையைச் சேமிப்போர் வேறு ரகம் கலவாமல் காத்து, மாறுபட்ட தூர்களைக் களைந்து, வயலின் நடுவிலிருந்து விதை எடுக்கவேண்டும்.

3. நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளும் வழக்கத்தை விடவேண்டும். கிள்ளிய வாய் கிருமிக்குத் திறந்த வாசலாகும்.

4. தழைச்சத்தை ஒரே தடவையாக மிகுதியும் இடாமல் பல தவணைகளாகப் பிரித்து இடுக. சாம்பல் சத்தைக் குறைக்கலாகாது. நோய் கண்டபின் அது தணியும்வரை தழைச்சத்து இடுதலை நிறுத்திவைக்க.

5. நோயுற்ற வயலில் தேங்கிய நீரை வடித்துவிடுக. அந்நீர் அடுத்த வயலுக்குப் பாயலாகாது. இலை ஈரமாயிருக்கும்போது அவ்வயலில் இறங்கி நடத்தலும் கூடாது.

6. நோய் தோன்றியவுடன் 100 லிட்டர் நீருக்கு 20 கிலோ வீதம் புதுச்சாணத்தைக் கரைத்துத் தெளியவைத்து வடிகட்டித் தெளிக்கலாம். பதினைந்து நாள் கழித்து மறுமுறை தெளிக்கவேண்டும். இது நோய் பரவுதலைக் குறைக்கும். கருகிய இலை மீண்டும் பச்சையாகாது.

7. அறுவடைக்குப்பின் தாள்களையும், வரப்பிலும் வாய்க்காலிலுமுள்ள புல்வகைக் களைகளையும் அகற்றுக. கிருமி அவற்றிலும் தங்கியிருக்கும்.

கிராம அலுவலர்களுக்கு

ஒரு வயலின் வடிநீர் மற்றொரு வயலின் பாய்ச்சுநீராக இருக்கும் ஊர்களில் இந்நோய் ஒருவருடைய காரியமாக நிற்பதில்லை. நோய் கண்ட பருவத்தில் நீர் விடும் முறையைப் பாசனதாரர்கள் கூடி மாற்றியமைத்துக்கொள்ளுமாறு கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மை உதவி அலுவலரும் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். பயிர்ச் சேதத்தைக் குறிக்கும்போது நெல் என்று மட்டும் எழுதாமல் ரகத்தின் பெயரையும் உடன் எழுதிவைப்பது பெரும் பயன் தரும். எதிர்ப்புத் தன்மையுள்ள ரகமே ஓரிடத்தில் கருகுமாயின், புதிய அடையாளத்தைத் தேடும் கிருமியினம் அங்கு வந்திருத்தல் கூடும். அதனை முதலில் காண்பவர் குடியானவரே ஆவர். அத்தகைய இலையைத் தாமதமின்றி வேளாண்மை அலுவலரிடம் சேர்ப்பித்தால், அடுத்த பருவத்திற்கு எந்த விதை தக்கது என்று காலத்தில் முடிவு செய்யலாம்.